மோட்டார் வண்டிக்கு மின்னுயிர் அளித்த கெட்டரிங்

புதிய இயந்திரத்தைப் படைப்பவர் ஒருவகையிற் பெரியோர். ஓடாது நின்றுவிட்ட இயந்திரத்தின் குற்றத்தை நாடி அதனைக் களைபவர் பிறிதொருவகையிற் பெரியோர். இவ்விரு திறனும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் அரிது. அங்ஙனம் அமையப் பெற்றோருள் ஒருவர் அமெரிக்க நாட்டு அறிஞர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங் ஆவர். மோட்டார் வண்டியின் மின்னமைப்பு அவர் கைபட்டே செம்மையுற்றது. அவர்தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

ஒஹையோ மாகாணத்தில் லௌடன்வில் என்னும் ஊரையடுத்த பண்ணையொன்றில் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் கெட்டரிங் பிறந்தார். கல்வியில் ஆர்வம் மிக்கிருந்தும், கண்பார்வை அவருக்கு இடையூறாயிற்று. சிறிது காலம் பள்ளியாசிரியராயிருந்து, பின்னர்க் கொலம்பஸ் நகரத்து ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். கண்ணோய் மிகுந்தமையால் படிப்பை இடையில் நிறுத்தி ஊர் திரும்ப நேர்ந்தது. வேறொருவராயின் அத்துடன் கல்விக்கு விடைகொடுத்திருப்பர். அவரோ உடலுழைப்பினால் நலம்பெறக் கருதித் தொலைபேசிக் கம்பி நாட்டும் குழுவிற் சேர்ந்து, அதன் தலைவருமானார். நலம் சிறிது திரும்பியதும் மீண்டும் பல்கலைக் கழகம் புகுந்தார். தோழர்கள் பாடங்களை உரக்கப் படிக்கக் கேட்டு மனத்திற் பதித்தார். 1904ஆம் ஆண்டு மின்பொறியியலிற் பட்டம் பெற்றபொழுது அவருக்கு அகவை 27 நிறைந்திருந்தது.

தொலைபேசிக் கம்பியோடு பழகிய நாட்கள் வீணாயின அல்ல. நெடுந்தொலைவு செல்லும் கம்பியில் குற்றம் எவ்விடத்தது எனக் கண்ணாற் காண்டல் இயலாது. நடுவில் ஓரிடத்தே சோதித்து, குற்றம் இப்பாதியிலா அப்பாதியிலா எனத் துணிந்து, பின் அப்பாதியையும் பகுத்துப் பகுத்துச் சென்று பிடித்தல் வேண்டும். கண்ணொளி குன்றியவருக்குக் கருத்தொளியாற் குற்றம் காணும் பயிற்சி அங்கே வாய்த்தது எனல் பொருந்தும்.

பட்டம் பெற்றபின் டேட்டன் நகரில், கடைகளுக்குக் காசுப் பதிவு இயந்திரம் செய்யும் நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்திற் பணியேற்றார். 1905ஆம் ஆண்டு ஆலிவ் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்தார். கையாற் சுழற்றப்பட்டு வந்த அவ்வியந்திரத்தைச் சிறு மின்மோட்டாரால் இயங்கச் செய்தார். இடைவிடாது உழைக்கும் மோட்டார் பெரிதாயிருத்தல் வேண்டும்; சில நொடி மட்டும் உழைத்து ஓய்வது சிறிதாயினும் தன் அளவிற்கு மீறிய சுமையைத் தாங்கும். எளிய இவ்வுண்மையே பின்னர் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

அக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில், பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும் பொறி, நடுங்கும் நாவுடைய காயிலிலிருந்து பிறந்தது. ஒரு பொறி போதுமாயிருக்க, அது பொறிமழையே பெய்தது. அதனால் மின்கலம் விரைவில் வறண்டது. நிறுவனத்தில் உடனுழைத்த எட்வர்டு டீட்ஸ் என்பாரின் வீட்டுக் கொட்டகையில், கெட்டரிங்கும் நண்பர்களும் மாலைதோறும் கூடி இக்குறையை ஆராய்ந்தனர். வேண்டிய நொடியில் மின்னோட்டத்தைத் துண்டித்து ஒரே பொறியைத் தெளிவாகப் பிறப்பிக்கும் முறையைக் கண்டனர். காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்டு தம் 1910ஆம் ஆண்டு வண்டிகளுக்கு அதனை ஏற்றார். 1909ஆம் ஆண்டு டெல்கோ என்னும் கம்பெனி தோன்றியது இங்ஙனமே.

அடுத்து எதிர்ப்பட்டது இதனினும் பெரிய இடர். வண்டியைக் கிளப்ப, முன்புறத்தே இரும்புக் கைப்பிடியைச் செருகி வலிந்து சுழற்றுதல் வேண்டும். பொறி சற்று முந்தி விழின் அக்கைப்பிடி எதிர்த்துத் திரும்பிச் சுழற்றுவோரைத் தாக்கும். மணிக்கட்டு முறிந்தோர் பலர். 1908ஆம் ஆண்டு மறைந்த பைரன் கார்ட்டர் என்னும் வண்டி உற்பத்தியாளர் இவ்வாறு தாக்குண்டே மாண்டார் என்றும், அவர் நண்பராகிய லீலண்டு அதனால் மனம் நொந்து கெட்டரிங்கை நாடினார் என்றும் கூறுவர். எஞ்சினைச் சுழற்றவல்ல மோட்டார் எஞ்சினளவு பெரிதாயிருக்கும் என்பது வல்லுநர் கொள்கை. கெட்டரிங்கோ காசுப் பதிவு இயந்திரத்தை நினைவுகூர்ந்தார். எஞ்சின் கிளம்புதற்கு வேண்டுவன சில நொடிகளே. அந்நொடிகளுக்குச் சிறு மோட்டார் பெருஞ்சுமை தாங்குமன்றோ? எஞ்சின் கிளம்பியபின் அம்மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பாட்டரிக்கு மின்னூட்டும்படியும் அமைத்தார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளுக்காக லீலண்டு 12,000 ஸ்டார்ட்டர்களுக்குக் கட்டளையிட்டார். கைவலி அற்றோரும் முதியோரும் பெண்டிரும் தாமே வண்டியைக் கிளப்பிச் செல்லும் உரிமை இதனால் எய்தினர்.

கிளப்புதல், விளக்கேற்றல், பொறி பிறப்பித்தல் ஆகிய மூன்றும் ஒரே பாட்டரியைச் சுற்றி இவ்வாறு ஓரமைப்பாயின. 1970களில் மின்னணு முறை பரவும்வரை உலகத்து வண்டிகள் பெரும்பாலானவற்றின் பொறியமைப்பு கெட்டரிங் வகுத்த நெறியிலேயே இயங்கியது. நம் நாட்டுச் சாலைகளில் நெடுநாள் ஓடிய பழைய அம்பாசடர், பியட் வண்டிகளிலும் அந்நெறியைக் காணலாம்.

ஆகவே, பழைய வண்டியின் மின்குற்றத்தைத் தேடுவோர் கெட்டரிங்கின் அடிச்சுவட்டிலேயே நடக்கின்றனர் எனலாம். தேர்ந்த தொழிலாளர் முதலிற் கருவியைக் கழற்றார். மின்னோட்டத்தின் வழியைப் பற்றிச் செல்வர். சிறு பல்பு ஒன்றின் இரு கம்பிகளுள் ஒன்றை வண்டியின் இரும்புடலிற் சேர்த்து, மற்றதைப் பாட்டரி முனை, சுவிட்சு, காயில் என ஒவ்வோரிடமாகத் தொட்டுச் செல்வர். எரிந்து வந்த விளக்கு எவ்விடத்தில் எரியாதொழிகின்றதோ, அவ்விடத்திற்கும் அதற்கு முந்திய இடத்திற்கும் இடையே குற்றம் உளது. ஸ்டார்ட்டர் சோம்பிச் சுழலின், பாட்டரியே பழுது என்று விரைந்து முடிவுசெய்வார் பலர். முனைகளிற் பூத்த உப்பைச் சுரண்டி, வண்டியுடலோடு இணைக்கும் எர்த் பட்டையின் துருவைத் தேய்த்து இறுக்கியவுடன், அப்பழைய பாட்டரியே வீறுடன் சுழற்றுதலும் உண்டு. பாயிண்ட் கருகுகின்றது என்று அதனை மட்டும் மாற்றினால், புதியதும் சில நாளிற் கருகக்கூடும். அதனோடு இணைந்த கண்டென்சரையும் சோதித்தல் வேண்டும். பியூஸ் அடிக்கடி உருகுகின்றது என்று தடித்த கம்பியைச் செருகுவோர், உராய்ந்து கிடக்கும் ஒரு கம்பியைத் தேடும் உழைப்பிற்கு அஞ்சி, வண்டி முழுவதையும் தீக்கு ஒப்புவிக்கின்றனர். தோன்றும் குறி வேறு, அதனைத் தோற்றுவிக்கும் முதல் வேறு என்பதே இத்தொழிலின் முதற்பாடம்.

கெட்டரிங் இப்பாடத்தைத் தம் வாழ்நாளில் இருமுறை பெரிதும் எதிர்கொண்டார். ஒருமுறை வென்றார், மறுமுறை தோற்றார். மேடேறும் பொழுது எஞ்சினுள் சுத்தியலால் தட்டினாற்போன்ற ஓசை எழுவதுண்டு. அதற்கு அவருடைய பொறியமைப்பே காரணம் என்று பிறர் பழித்தனர். அவர் சினவாது ஆராயப் புகுந்து, குற்றம் பொறியிலன்று, எரிபொருள் எரியும் முறையிலே என்று நிறுவினார். அவர்க்குக் கீழ்ப் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜ்லி, ஈயஞ்சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளைப் பெட்ரோலிற் சிறிதளவு கலந்தால் அவ்வோசை அடங்கும் என்பதை 1921ஆம் ஆண்டு டிசம்பரிற் கண்டறிந்தார். 1923ஆம் ஆண்டு டேட்டன் நகரிலேயே அது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு அதனை விற்க எழுந்த எத்தில் நிறுவனத்திற்குக் கெட்டரிங் தலைவரானார்.

ஓசை அடங்கியது, நஞ்சு பரவியது. ஈயம் நஞ்சென்பது பண்டே அறிந்த செய்தி. 1924ஆம் ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியில் அப்பொருளை ஆக்கும் ஆலையில் தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். விற்பனை சிறிது காலம் நின்று, பின் மீண்டும் தொடங்கிற்று. வண்டிப் புகையோடு வெளிவந்த ஈயம் காற்றிலும் மண்ணிலும் படிந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தமை பிற்கால ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. நம் நாடு 2000ஆம் ஆண்டில் அதனை விலக்கியது. இறுதியாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் வண்டிகளுக்கு அதனை விற்றலை நிறுத்தியது. ஒரு கம்பியின் குற்றத்தைக் கடைசி முனைவரை தொடர்ந்த அறிஞர், புகைக்குழாய்க்கு அப்பால் தம் ஆக்கம் செல்லும் வழியைத் தொடர்ந்திலர். இதனை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுதல் முறையன்று.

எனினும், அவர் செய்த நன்மைகளை மறத்தலும் முறையன்று. 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கி, டீசல் எஞ்சினைச் சீர்திருத்தி இருப்புப் பாதைக்கு உதவினார். தமக்கென 180க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார். நியூயார்க்கு நகரில் 1945ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரையும் ஆல்பிரட் ஸ்லோன் பெயரையும் தாங்கி நிற்கின்றது. 1958ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள், தம் 82ஆம் அகவையில், டேட்டன் நகரில் அவர் உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்காள்! கண்ணொளி குன்றியும் கல்வியைக் கைவிடாத உறுதியை அவரிடமிருந்து நாம் கொள்வோமாக. வல்லுநர் இயலாதென்றதைத் தாமே ஆராய்ந்து துணியும் நேர்மையையும் கொள்வோமாக. ஆயின், ஒரு குற்றத்தை நீக்கினோம் என மகிழும் வேளையில், அந்நீக்கம் பிறிதோரிடத்தே யாருக்குக் கேடாகின்றது என்று வினவும் பொறுப்பையும் அவ்வரலாற்றிலிருந்தே கற்போமாக. நம்முட் பலர் நாளை ஆய்வுக்கூடங்களிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அமர்வோம். அங்கே நம் கையெழுத்தினால் வெளிச்செல்லும் ஒவ்வொரு பொருளின் வழியையும், அது சென்று முடியும் இடம்வரை தொடர்ந்து காண்டல் நம் கடனாகும்.