59 வயசுல வெல்டிங் பக்கம் வந்த பாலத்துக்காரர்

லேப்ல மிக் வெல்டிங் மெஷின் முன்னாடி முதல் தடவை நின்னப்போ நீங்களும் தேடியிருப்பீங்க: ஆம்பியர் குமிழ் எங்கே? ராடு வெல்டிங் மெஷின்ல அது கண்ணுக்கு நேரா இருக்கும். இதுல வோல்டேஜுக்கு ஒரு குமிழ், வயர் ஃபீடுக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான். நான் ஃபீடைக் கொஞ்சம் ஏத்தினேன், கரண்ட் தானா ஏறுச்சு. 3 மி.மீ. தகட்டுல ஓட்டை விழுந்த அப்புறம்தான் அந்தக் குமிழ் வயரை மட்டும் தள்ளலைன்னு புரிஞ்சுது.

அந்தக் குமிழுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார். பேரு யெவ்கெனி பட்டோன். பரீட்சைக்கு இவர் வரமாட்டார். ஆனா இவர் கதை தெரிஞ்சா ஃபீடும் ஹீட் இன்புட்டும் மறக்காது.

பட்டோன் பொறந்தது 1870-ல், பிரான்சின் நீஸ் நகரத்துல. அப்பா அங்கே ரஷ்யாவின் தூதரக அதிகாரி. ஜெர்மனியின் டிரெஸ்டன்ல 1894-ல் பொறியியல் முடிச்சார். ரஷ்யாவுல வேலை பார்க்கணும்னா அந்த ஊர்ப் பட்டம் வேணும். அதனால மறுபடியும் மாணவனா உட்கார்ந்து, 1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இரண்டாவது தடவை இன்ஜினியர் ஆனார். (அரியரை நினைச்சுப் புலம்புறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க.)

அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல அவர் வாழ்க்கை முழுக்கப் பாலம்தான். கீவ் பாலிடெக்னிக்ல பேராசிரியர், பாலங்களைப் பத்திப் பாடப்புத்தகம் எழுதினவர். போர்ல தகர்ந்துபோன கீவ் நகரச் சங்கிலிப் பாலத்தின் பழைய தூண்கள் மேலேயே புதுப் பாலம் வடிவமைச்சார், அது 1925-ல் திறந்துச்சு. எல்லாம் ரிவெட் பாலங்கள். ரிவெட்னா தகட்டுல ஓட்டை போடணும். ஓட்டை போட்ட இடத்துல தகடு பலம் குறையும், அதை ஈடுகட்ட இன்னும் கனமான தகடு போடணும். இந்தக் கணக்கை வருஷக்கணக்கா போட்டவருக்கு அது உறுத்தாம இருக்குமா?

1929-ல், 59 வயசுல, வெல்டிங் பக்கம் திரும்பினார். பேரும் புகழும் வந்தாச்சு, பென்ஷன் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1934-ல் அது கீவ் மின் வெல்டிங் நிறுவனமா வளர்ந்துச்சு. வெல்டிங் ஒரு கைப்பழக்கமா மட்டும் இருந்தா பாலத்தை அதை நம்பி விட முடியாதுங்கறது அவர் கவலை. ஒரு வெல்டர் கை காலைல ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். அதனால கையை எடுத்துட்டு மெஷினை வைக்கணும்.

நெருப்பைத் தூள் ஃபிளக்ஸுக்கு அடியில மறைச்சு எரிக்கிற சப்மெர்ஜ்டு ஆர்க் முறை அமெரிக்காவுல முப்பதுகளின் நடுவுலேயே வந்திருச்சு. பட்டோன் குழு தங்களுக்கான ஃபிளக்ஸையும் மெஷினையும் 1940 வாக்குல உருவாக்கிருச்சு. ஆனா ஒரு சிக்கல். ஃபிளக்ஸ் மூடிட்டா ஆர்க் கண்ணுக்கே தெரியாது. ராடு பிடிக்கிறவர் ஆர்க் நீளத்தைக் கண்ணால பார்த்துக் கையை ஏத்தி இறக்குவார். இங்கே யார் பார்க்கிறது? அதனால ஆர்க் வோல்டேஜை உணர்ந்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சிக்கலான ஹெட் செஞ்சாங்க. நிறைய ரிலே, நிறைய ஒயரிங், அடிக்கடி ரிப்பேர்.

1941-ல் ஜெர்மன் படை வந்துச்சு. நிறுவனமே பெட்டி படுக்கையோட யூரல் மலைப்பக்கம் நிஸ்னி தாகில் டாங்கித் தொழிற்சாலைக்குப் போச்சு. பட்டோனுக்கு அப்போ 71 வயசு. பின்வாங்கின சோவியத் படையே அவரோட கீவ் பாலத்தைத் தகர்த்துட்டுப் போயிருந்துச்சு. தொழிற்சாலையில டி-34 டாங்கிக்கு உடம்பு வெல்டு பண்ணணும், அனுபவமுள்ள வெல்டருங்க போர்முனையில. மெஷின் முன்னாடி நின்னவங்கள்ல பல பேர் பதின்ம வயசுப் பசங்களும் பெண்களும். கவசத் தகட்டுல தையல் வெடிச்சுது. வி-பள்ளத்துல முன்கூட்டியே மென்மையான எஃகுக் கம்பி ஒண்ணு போட்டு வெல்டு பண்ணி, கவச எஃகு கம்மியா உருகிக் கலக்கிற மாதிரி செஞ்சாங்க. வெடிப்பு அடங்குச்சு. ஃபிளக்ஸ் தீர்ந்தப்போ ஊதுலைக் கசடைப் பொடிச்சு ஃபிளக்ஸ் ஆக்கினாங்க.

அந்த ஊர்லதான், 1942-ல், பட்டோன் குழுவின் விளாடிமிர் தியாத்லோவ் ஒண்ணைக் கண்டுபிடிச்சார்: ஆர்க்கை யாரும் கட்டுப்படுத்த வேண்டியதே இல்லை. வயரை ஒரே வேகத்துல தள்ளினா போதும், மீதியை ஆர்க்கே பார்த்துக்கும்.

இதைப் புரிஞ்சுக்க நாம எங்கேயும் போக வேண்டாம். சென்னிமலையில ஏதாவது பவர்லூம் கொட்டகைக்குள்ள எட்டிப் பாருங்க. பாவு சுத்தின பீம்ல சங்கிலியோ கயிறோ சுத்தி எடைக்கல் தொங்கும். துணி சுருண்டுட்டே போக, பாவு இழுவிசை ஏறும். ஏறினதும் அந்தப் பிடியை மீறி பீம் கொஞ்சம் வழுக்கி நூல் விடும். விட்டதும் இழுவிசை இறங்கி, பீம் நின்னுடும். நூலை யாரும் கணக்குப் போட்டு விடறதில்லை, இழுவிசையே அதைப் பண்ணிக்குது.

ஆர்க்கும் அதே மாதிரிதான். வயர் ஒரே வேகத்துல வருது. ஏதோ காரணத்தால ஆர்க் நீண்டுச்சுன்னு வைங்க. வோல்டேஜ் ஏறும், கரண்ட் விழும். கரண்ட் விழுந்தா வயர் மெதுவா உருகும். ஃபீடு மட்டும் அதே வேகம், அதனால வயர் முன்னேறி ஆர்க் பழைய நீளத்துக்கே வந்திரும். ஆர்க் குறைஞ்சா இதுக்கு நேர்மாறு. மின்மூலம் கான்ஸ்டன்ட் வோல்டேஜா இருந்து, வயர் மெல்லிசா இருந்தா இது கண் சிமிட்டுற நேரத்துல நடக்கும். தடிச்ச வயர்ல இந்தத் திருத்தம் மந்தம். அதனாலதான் கனமான சப்மெர்ஜ்டு வேலைகள்ல வோல்டேஜைப் பார்த்து ஃபீடை மாத்துற ஹெட் இன்னைக்கும் இருக்கு. பழைய முறை தப்புன்னு சொல்லிட முடியாது.

தியாத்லோவ் கண்டுபிடிப்பால வேகம் மாறாத ஒரு மோட்டார், ஒரு கியர் பெட்டியோட ஹெட் எளிமையாச்சு. உதிரிபாகம் கிடைக்காத போர்க்காலத்துல இதைவிட என்ன வேணும்? பதினாறு வயசுப் பையன் பழகிக்கிற மெஷின் அது. என் கணக்குல பட்டோனின் பெரிய செயல் இதுதான்: தன் குழு வருஷக்கணக்கா உழைச்சுக் கட்டின சிக்கலான ஹெட்டை, தன்னைவிட இளையவர் ஒருத்தர் வார்த்தைக்காக ஓரம் வெச்சார். 70 தாண்டின எத்தனை பேராசிரியருக்கு அந்த மனசு வரும்னு நீங்களே யோசிங்க (நம்ம துறையைச் சொல்லலை).

லேப் குமிழுக்கு வாங்க. கான்ஸ்டன்ட் வோல்டேஜ் மெஷின்ல ஃபீடைக் கூட்டினா, அந்த வயரை உருக்கத் தேவையான கரண்டை ஆர்க் தானா இழுத்துக்கும். அதனால ஃபீடுதான் உங்க ஆம்பியர் குமிழ். 24 வோல்ட், 200 ஆம்பியர், நிமிஷத்துக்கு 300 மி.மீ. நகர்வு: 24 × 200 × 60 ÷ 300 = 960 ஜூல், அதாவது மி.மீ.க்கு 0.96 கிலோஜூல். கை தயங்கி 200 மி.மீ.ல நகர்ந்தா அதுவே 1.44. ஆர்க் தன் நீளத்தைச் சரி பண்ணிக்கும், உங்க கை வேகத்தைச் சரி பண்ணாது. என் தகட்டுல ஓட்டை விழுந்த கதையில பாதி இதுதான்.

நம்ம பக்கம் இந்த முறையைப் பெரிய அளவுல பார்க்கணும்னா திருச்சி பெல். அங்கே பாய்லர் டிரம்முக்கு சப்மெர்ஜ்டு ஆர்க்தான். 1975-ல் தொடங்கின வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அதே வளாகம்.

போர் நடக்கும்போதே, 1944-ல், பட்டோன் கீவுக்குத் திரும்பினார். டினிப்பர் ஆத்துக்குக் குறுக்கே இன்னொரு பாலம். இந்தத் தடவை ரிவெட் ஒண்ணுகூட வேண்டாம், முழுக்க வெல்டிங். நீளம் 1,543 மீட்டர். ரிவெட் பாலத்துல தொடங்கின மனுஷன் எண்பது வயசுக்கு மேலயும் அதுக்காக ஓடிட்டிருந்தார்.

1953 ஆகஸ்ட் 12-ல் இறந்தார். பாலம் திறந்தது நவம்பர் 5-ல், அவர் பேர்லேயே. நிறுவனத்தை மகன் போரிஸ் எடுத்துக்கிட்டார். 2020-ல் 101 வயசுல இறக்கிற வரைக்கும், 67 வருஷம், அவர்தான் அங்கே இயக்குநர்.