மாமா வேற, சித்தப்பா வேற... ஏன்? மதுரையில் விடை தேடிய பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன்

பழங்காநத்தத்தில் ஒரு காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காது. அந்தச் சீரை ஏன் சித்தப்பா செய்வதில்லை? ஆங்கிலத்தில் இரண்டு பேரும் 'அங்கிள்'தானே! இதற்கு ஒரு முக்கியமான பதிலைச் சொன்னவர் மானுடவியலாளர் லூயி துய்மோன்.

யார் இவர்?

1911-ல் பிறந்தவர், பிறந்த ஊர் இன்றைய கிரீஸில் இருக்கும் தெசலோனிகி. பாரிஸில் மார்செல் மோஸிடம் படித்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியில் போர்க்கைதி. அங்கேயும் சும்மா இருக்கவில்லை, சமஸ்கிருதம் கற்றார்.

1949-ல் தமிழ்நாடு வந்தார். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் மாதக்கணக்கில் தங்கினார். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் பிடியிலிருந்து அந்த மக்கள் விடுபட்டதே 1947-ல்தான். இந்த ஆய்வு 1957-ல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது.

அப்படி என்ன சொன்னார்?

'பல்', 'பால்' இரண்டையும் பிரிப்பது குறில், நெடில் வித்தியாசம் மட்டும்தான். மொழியில் எதுவும் தனியாகப் பொருள் தராது, மற்றதோடு உள்ள வேறுபாட்டால்தான் தரும் என்றார் மொழியியலாளர் சசூர். இதுதான் அமைப்பியலின் அடிப்படை. இதை உறவுமுறைக்குக் கொண்டுபோனவர் லெவி-ஸ்ட்ராஸ்.

துய்மோன் அதே கண்ணோடு தமிழ் உறவுச் சொற்களைப் பார்த்தார். அம்மாவின் தம்பி மாமா, அத்தை கணவர் மாமா, மனைவியின் அப்பாவும் மாமா. மூவருக்கும் பொதுவானது என்ன? பெண் கொடுத்து எடுக்கும் வீட்டுக்காரர்கள். சித்தப்பாவோ பங்காளி. அதனால்தான் சித்தப்பா மகள் தங்கச்சி, மாமா மகள் முறைப்பெண். கல்யாணத்தால் வந்த உறவு ஒரு தலைமுறையோடு முடியாமல் அடுத்த தலைமுறைக்கும் தொடர்கிறது. தாய்மாமன் சீர் அதன் அடையாளம். 1953-ல் வந்த அவரது கட்டுரையின் சாரம் இது.

சர்ச்சை எங்கே?

1966-ல் வெளியான 'ஹோமோ ஹையரார்க்கிகஸ்' நூலில் இதே முறையைச் சாதிக்குப் பொருத்தினார். தூய்மை, தீட்டு என்ற எதிரிணையே சாதி அமைப்பின் அச்சு. பணமும் அதிகாரமும் அதற்குக் கீழேதான் என்றார்.

கடும் எதிர்ப்பு வந்தது. இது மேலே இருப்பவர்களின் பார்வை என்றார்கள் விமர்சகர்கள். மாமாவை மாமா என்று அழைப்பதில் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் 'தீட்டு' என்று ஒதுக்கப்பட்டவர் அந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டாரா? நிலமும் அடியாளும் யார் கையில் இருந்தன? இந்தக் கேள்விகளுக்கு அவரது அமைப்பில் இடம் குறைவு.

1998-ல் துய்மோன் பாரிஸில் மறைந்தார். உறவுமுறை பற்றி அவர் எழுதியது இன்றும் பாடம். சாதி பற்றி எழுதியது இன்றும் விவாதம்.