உலகை அழகுபடுத்திய ஜஹானாரா



நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் படித்துவிட்டுக் குடும்பத்தின் மளிகை மொத்த வியாபாரத்தைப் பார்த்து வருபவன் நான். சரித்திரம் படித்தவன் அல்லன். ஆனாலும் ஒரு பெயரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அது என் மகளின் பெயர்.

இந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருக்கும் அவள், வகுப்பில் தன் பெயர் வேறு யாருக்கும் இல்லை என்று வருத்தப்பட்டாள். சுருக்கி ஜாரா என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வட இந்தியாவிலும் வங்காளத்திலும் ஜஹானாரா பழக்கமான பெயர். ஆயிஷா, பாத்திமா, மர்யம் என்று அழைத்துப் பழகிய நம் வீடுகளில் அது அபூர்வம்தான். அந்தப் பெயரை வைத்தவர் என் மாமி, வாப்பாவின் அக்கா. ஏன் இந்தப் பெயர் என்று அன்று நான் கேட்கவில்லை. இன்று கேட்க அவர் இல்லை. ஆகவே நானே தேடிப் படித்தேன். படித்ததை நம் பிள்ளைகளுக்காக இங்கே சொல்கிறேன்.

பெயரும் பிறப்பும்

ஜஹானாரா அரபுப் பெயர் அன்று, பாரசீகப் பெயர். ஜஹான் என்றால் உலகம். ஆரா என்றால் அழகுபடுத்துவது. உலகை அழகுபடுத்துபவள் என்பது பொருள். முகலாய இளவரசர் குர்ரமுக்கும் மும்தாஜ் மஹலுக்கும் 1614-இல் அஜ்மீரில் பிறந்த மகளுக்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. அப்போது அரியணையில் இருந்தவர் பாட்டனார் ஜஹாங்கீர். அவர் பெயருக்கு உலகைப் பிடிப்பவர் என்று பொருள். தந்தை குர்ரமுக்கு உலகின் அரசர் எனப் பொருள்படும் ஷாஜஹான் என்ற பட்டம் 1617-இல்தான் கிடைத்தது. மகளின் பெயர் அதற்கு மூன்று ஆண்டு மூத்தது.

ஜஹானாராவுக்குக் குர்ஆனும் பாரசீகமும் கற்பித்தவர் சதியுன்னிஸா கானம் என்ற கல்வியில் சிறந்த பெண்மணி. அரண்மனைப் பெண் என்பதால் படிப்பு குறையவில்லை. அந்தப் படிப்பே பின்னால் அவருக்குக் கைகொடுத்தது.

பதினேழு வயதில் பொறுப்பு

1631-இல் புர்ஹான்பூரில் பதினான்காவது பிள்ளையைப் பெற்றபோது மும்தாஜ் மஹல் வபாத்தானார். மூத்த மகளான ஜஹானாராவுக்கு அப்போது வயது 17. துயரத்தில் ஒடுங்கிப் போன தந்தையைத் தேற்றுவது, தாயில்லாத தம்பி தங்கைகளைப் பார்ப்பது, அரண்மனையின் முதல் பெண்மணியாக நிற்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. தாயார் விட்டுச் சென்ற செல்வத்தில் பாதியை ஷாஜஹான் ஜஹானாராவுக்கே கொடுத்தார். மீதிப் பாதிதான் மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டது.

1644-இல் அவருக்குப் பெரிய சோதனை வந்தது. விளக்கின் சுடர் பட்டு, அத்தர் மணந்த மெல்லிய ஆடை தீப்பற்றிக்கொண்டது. காப்பாற்றப் பாய்ந்த பணிப்பெண்களில் இருவர் இறந்து போனார்கள். பேரரசரே மகளின் படுக்கையருகில் இருந்து பணிவிடை செய்தார். ஏழைகளுக்கு ஸதக்கா வழங்கினார். இரவெல்லாம் துஆ கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு ஜஹானாரா குணமடைந்தார். அந்த மகிழ்ச்சியில் தந்தை அவருக்கு அளித்தவற்றுள் ஒன்று சூரத் துறைமுகத்தின் வருமானம்.

கப்பலும் கடைவீதியும்

வியாபாரியான எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அன்றைய சூரத், மேற்குக் கடல் வணிகத்தின் வாசல். ஹஜ்ஜுக்குப் போகும் மக்கள் கப்பலேறிய ஊரும் அதுதான். ஜஹானாராவுக்கு சாஹிபி என்ற சொந்தக் கப்பல் இருந்தது. அது ஹஜ் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றது. ஆண்டுதோறும் 50 கோணி அரிசியைக் கப்பலில் அனுப்பி, மக்காவின் ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும் என்று அவர் உத்தரவிட்டிருந்தார். லாபக் கணக்கு எழுதும்போதே தர்மக் கணக்கையும் எழுதி வைத்தவர் அவர்.

சம்பாதித்ததைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார். ஆக்ராவின் ஜாமிஆ பள்ளிவாசல் 1648-இல் அவருடைய சொந்தப் பணம் 5 லட்சம் ரூபாயில் கட்டி முடிக்கப்பட்டது. டில்லிக்குச் சுற்றுலா போகிறவர்கள் நெரிசலில் நடந்து வரும் சாந்தினி சவுக் 1650-இல் அவர் அமைத்த கடைவீதி. அன்று நடுவில் கால்வாய் ஓடியது. நிலா ஒளி விழும் குளம் இருந்தது. வெளியூர் வணிகர்கள் தங்க அருகிலேயே பெரிய சத்திரமும் தோட்டமும் கட்டினார். சத்திரம் 1857 கலகத்துக்குப் பிறகு இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் நகர மண்டபம் எழுந்தது. கடைவீதி இன்றும் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது.

ஞானத் தேட்டம்

ஜஹானாரா திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் மனம் இறைநேசர்களின் பாதையில் சென்றது. அஜ்மீர் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் சரிதையை முனிஸுல் அர்வாஹ் என்ற பெயரில் பாரசீகத்தில் எழுதியபோது அவருக்கு வயது இருபத்தைந்தைச் சுற்றித்தான். பிறகு தம்பி தாரா ஷிகோவைப் போலவே, காஷ்மீரில் இருந்த முல்லா ஷா அவர்களிடம் காதிரிய்யா தரீக்காவில் சேர்ந்தார். முஹ்யித்தீன் ஆண்டகை (ரஹ்) பெயரால் மவ்லிது ஓதும் நம் குடும்பங்களுக்கு அந்தத் தரீக்கா அந்நியமானது அன்று.

தம்பிகளின் சண்டை

1657-இல் ஷாஜஹான் நோயில் விழுந்தார். நான்கு மகன்களும் அரியணைக்காக ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். ஜஹானாராவின் மனம் தாராவின் பக்கம் இருந்தது. ஆனால் 1658-இல் தாரா தோற்றதும், அக்காவாக அவரே அவுரங்கசீபின் பாசறைக்குப் போனார். நாட்டைச் சகோதரர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம், இரத்தம் சிந்த வேண்டாம் என்று பேசினார். பேச்சு பலிக்கவில்லை. தந்தை ஆக்ரா கோட்டையில் சிறைப்பட்டார். தாரா அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். உலகைப் பிடிப்பவர் என்று பொருள்படும் ஆலம்கீர் பட்டத்தோடு அவுரங்கசீப் அரசரானார்.

வென்றவரிடம் போய்ச் சுகமாக இருந்திருக்கலாம். ஜஹானாரா போகவில்லை. 1666-இல் ஷாஜஹான் வபாத்தாகும் வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அதே கோட்டையில் தந்தையோடு இருந்தார். தாராவின் அனாதை மகளையும் தம் மகளாக வளர்த்து, பிறகு அவுரங்கசீபின் மகனுக்கே நிக்காஹ் செய்து கொடுத்தார். வெட்டுப்பட்ட குடும்பத்தை அந்த அளவுக்காவது அவர் ஒட்டவைத்தார். தந்தை மறைந்ததும் அவுரங்கசீபே அக்காவை மரியாதையோடு அழைத்து, அரண்மனையின் முதல் பெண்மணி என்ற இடத்தைத் திரும்பவும் கொடுத்தார்.

1681-இல் டில்லியில் ஜஹானாரா வபாத்தானார். ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) தர்காவில் அவர் கபுரை இன்றும் காணலாம். தாயாருக்கு தாஜ்மஹால் இருக்கிறது. மகளின் கபுருக்குக் கூரைகூட இல்லை. வெண்பளிங்கின் நடுவே மண் நிரப்பி, அவர் விரும்பியபடி புல் வளர விட்டிருக்கிறார்கள்.

மாமி ஏன் வைத்தார்

இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் சிறுவனாக இருந்தபோது வாப்பாவும் சின்ன வாப்பாவும் கடையைப் பிரித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்து பேசியவர் மாமி. அவர் பேச்சும் பலிக்கவில்லை. பாட்டனாரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்க் கடைசி வரை வைத்திருந்தவரும் அவர்தான். பிரிந்த இரண்டு வீடுகளும் பெருநாளன்று ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது மாமியின் வீட்டில் மட்டுமே. கடைக் கணக்கில் மாமியின் பெயர் எங்கும் இல்லை.

மகளிடம் இதைச் சொன்னேன். முழுவதும் புரிந்திருக்காது. ஆனால் கப்பல் வைத்திருந்த இளவரசி என்பது பிடித்துவிட்டது. இப்போது பள்ளிப் புத்தகங்களில் முழுப் பெயரையும் எழுதுகிறாள்.

நம் சங்கத்தின் இந்த ஐம்பது ஆண்டுக் கணக்கிலும் பெயர் எழுதப்படாத தாய்மார்களும் சகோதரிகளும் எத்தனையோ பேர். அவர்கள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! மறைந்தவர்களின் கபுரை ஒளிமயமாக்குவானாக! நம் பெண்மக்களைத் தாங்கள் இருக்கும் இடத்தை அழகுபடுத்துபவர்களாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.