மருத்துவ மாமேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி

மருத்துவம் வளர்த்த இஸ்லாமியப் பேரறிஞர்கள் என்றவுடன் அர்ராஸியும் இப்னு சீனாவும் நம் நினைவில் முன்வந்து நிற்பர். அவர்களுக்கு நிகராகப் போற்றத்தக்கவர், அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் புகழப்பெறும் அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி ஆவார். அவர் வடித்த கருவிகளின் சிறப்பைப் பலரும் எடுத்தோதியுள்ளனர். நாமோ, குழந்தைகளுக்கு அரிதாக வரும் நோய்களை அவர் ஆராய்ந்த திறத்தையும், காக்க இயலாத உயிர்களைப் பற்றியும் மறைக்காது எழுதிவைத்த நேர்மையையும் இங்கே காண்போம்.

ஸ்பெயின் நாட்டில் உமையாக்களின் ஆட்சி செழித்திருந்த காலம் அது. கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 ஆம் ஆண்டளவில் குர்துபா நகருக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரை எழுப்பத் தொடங்கினார். ஏறத்தாழ அக்காலத்திலேயே பிறந்த நம் அறிஞருக்கு அந்நகரின் பெயரே அடைமொழியாயிற்று. மதீனாவின் அன்சாரிகள் வழிவந்த குடும்பம் அவருடையது. நெடுங்கால மருத்துவப் பட்டறிவின் பயனாக, கி.பி. 1000 ஆம் ஆண்டளவில் 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் பெருநூலை அவர் நிறைவு செய்தார். 30 பகுதிகள் கொண்ட அந்நூலில் தம் மாணாக்கரைப் பெற்ற மக்களைப் போலவே அன்புடன் விளிக்கிறார். இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களைத் தாங்கியது.

பிறவியிலேயே குறையுற்ற குழந்தைகளுக்கு அந்நூலில் தனி இடம் உண்டு. சிறுநீர்த் துவாரம் அடைபட்டுப் பிறந்த ஆண் மகவுக்கு நுண்ணிய கருவியால் வழிதிறந்து, அது மீண்டும் மூடிக்கொள்ளாதபடி மெல்லிய ஈயக் கம்பியைச் சில நாள்கள் பொருத்திவைக்குமாறு கூறுகிறார். நாவின் அடித்தசை இறுகிப் பேச்சுத் தடைப்படுவோர்க்கு அதனை அறுத்துவிடும் முறையை விளக்கும்போதே, ஆழமாக அறுத்தால் கீழுள்ள குருதிக்குழாய் அறுபடும் என எச்சரிக்கவும் தவறவில்லை.

இனி, அவர் கை தயங்கிய இடத்தைக் காண்போம். குழந்தையின் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோயைக் கூறும் அவர், நீர் தோலுக்கும் எலும்புக்கும் இடையே உள்ளதா, எலும்பின் அடியில் உள்ளதா எனப் பிரித்தறியும் வகையையும், எங்கே எவ்வாறு கீற வேண்டும் என்பதையும் வரையறுக்கிறார். ஆயினும் தாம் கண்ட அத்தகைய குழந்தைகள் விரைவில் இறந்துபட்டமையால், தாம் அவ்வறுவையை மேற்கொள்ள விரும்பவில்லை என வெளிப்படையாகவே உரைக்கிறார். நாளுக்கு நாள் தலை பெருத்து, அதன் பாரம் தாங்காது நிமிர்ந்து உட்காரவும் இயலாமற் போய் இறுதியில் உயிர்நீத்த ஒரு சிறுவனின் நிலையையும் பதிவு செய்துள்ளார். புகழ் நாடும் மருத்துவர் எவரும் இதனை எழுதத் துணியார்.

மற்றொன்று இன்னும் வியப்புக்குரியது. ஒரு சிற்றூரில் ஆடவர்க்குக் காயம் பட்டால் குருதி நில்லாது பெருகி உயிரே பிரிந்துவிடுவதாக அவ்வூரார் அவரிடம் கூறினர். ஒரு சிறுவன் தன் பல்லீறுகளைத் தேய்த்ததனால் கசிந்த குருதியே நிற்காமல் அவன் மாண்டான் எனவும் தெரிவித்தனர். செவிவழிச் செய்தி என்று இதனை அவர் தள்ளிவிடவில்லை. குருதி வடியும் இடத்தில் சூட்டுக்கோலால் சுட்டு நிறுத்தலாம் எனக் குறித்து நூலில் இடம் தந்தார். ஹீமோபிலியா என இன்று நாம் அழைக்கும் குருதி உறையா நோயின் மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் இதுவும் ஒன்று. அமெரிக்க மருத்துவர் ஜான் ஆட்டோ இந்நோய் குடும்ப வழியாக வருவதை 1803 இல் விளக்கியதற்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் முற்பட்டது இக்குறிப்பு.

உள்நாட்டுப் போரில் மதீனத்துஸ் ஸஹ்ரா பாழாயிற்று. 1013 ஆம் ஆண்டளவில் அஸ்ஸஹ்ராவியும் மறைந்தார். அவர்தம் நூல் அழியவில்லை. 12 ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு அதன் அறுவைப் பகுதியைத் தொலேதோவில் இலத்தீனில் பெயர்த்தார். 1497 இல் அது வெனிஸ் நகரில் அச்சேறியது. அபுல்காசிஸ் என்ற பெயரில் ஐரோப்பிய மருத்துவர்க்கு அவர் ஆசானாக விளங்கினார்.

நோயுற்றால் மருந்து தேடுக எனப் பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தேடியும் கிடைக்காதபோது மருத்துவன் என் செய்வான்? கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்துப் பின்வருவோர் கையில் ஒப்படைப்பான் என்பதே அஸ்ஸஹ்ராவியின் வாழ்வு தரும் விடை. அவர் கைவைக்கத் தயங்கிய நோய்க்கு, தலையில் தேங்கும் நீரை வடிக்கும் அடைப்பிதழ்க் குழாய் 20 ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. உறையாக் குருதிக்கு, குறையுறும் உறைபொருளையே ஊசிவழி ஏற்றும் வழியும் பிறந்தது. இன்று அத்தகைய குழந்தைகள் பலர் வளர்ந்து கல்விக்கூடம் செல்கின்றனர்.

அன்பு மாணவர்களே! அறிந்ததை முழங்குதல் எளிது; அறியாததை அறியேன் என எழுதுதல் அரிது. முன்னோர் பெருமையைப் பேசி மகிழ்வதோடு நில்லாமல், அந்த அரிய பண்பையும் நமதாக்கிக் கொள்வோமாக!