ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்

சர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் (ஆகஸ்ட் 13, 1819 – பிப்ரவரி 1, 1903) அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கணிதவியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். பாய்ம இயக்கவியல், ஒளியியல், கணிதம் ஆகிய துறைகளில் இவரது பங்களிப்புகள் குறிப்பிடத்தக்கவை. புளோரசன்ஸ் எனப்படும் உடனொளிர்வுக்கு அப்பெயரை இட்டவர் இவரே. அடுத்தடுத்த ஆண்டுகளில் இவர் வெளியிட்ட இரு வேறு ஆய்வுகள், மரபணு ஆய்வகங்களில் உள்ள மின்புல நகர்ச்சிக் கருவிகளுக்கு அடிப்படையாக அமைந்துள்ளன.

இளமையும் கல்வியும்

ஸ்டோக்ஸ் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலுள்ள ஸ்கிரீன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கேப்ரியல் ஸ்டோக்ஸ் அவ்வூர்த் திருச்சபையின் குருவாக இருந்தார். டப்ளினிலும் பிரிஸ்டலிலும் பள்ளிக் கல்வி பெற்ற ஸ்டோக்ஸ், 1837இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். 1841இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்று, அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். 1849இல் லூக்காசியன் கணிதப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். ஒரு காலத்தில் ஐசக் நியூட்டன் வகித்த இப்பதவியை இவர் இறக்கும்வரை வகித்தார். இப்பதவிக்குரிய ஊதியம் குறைவாக இருந்ததால், இலண்டனிலுள்ள சுரங்கவியல் பள்ளியிலும் சில ஆண்டுகள் கற்பித்தார்.

1857இல் வானியலாளர் தாமஸ் ராம்னி ராபின்சனின் மகள் மேரி சுசானாவை மணந்தார். மணமானவர்கள் ஆய்வுறுப்பினராக இருத்தலாகாது என்பது அக்காலக் கல்லூரி விதியாகும். எனவே அப்பொறுப்பை இழந்த ஸ்டோக்ஸ், விதி மாற்றப்பட்ட பின்னர் 1869இல் அதனை மீண்டும் பெற்றார்.

பாய்ம உராய்வு விதி

காற்றில் ஆடும் ஊசலின் இயக்கத்தைக் காற்றின் உராய்வு எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராய்ந்த ஸ்டோக்ஸ், 1851இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பாய்மம் ஒன்றில் மெதுவாக நகரும் சிறு கோளத்தின் மீது செயல்படும் தடைவிசை, பாய்மத்தின் பாகுநிலை, கோளத்தின் ஆரம், அதன் வேகம் ஆகியவற்றுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவற்றுள் ஒன்று. மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் விரைந்து விழாமல் மிதப்பதற்கான காரணத்தையும் இதன்மூலம் அவர் விளக்கினார்.

உடனொளிர்வு ஆய்வு

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படும் குயினைனின் கரைசல் நிறமற்றது. எனினும் வெயிலில் அதன் மேற்பரப்பு நீலமாக ஒளிர்வதை ஜான் ஹெர்ஷல் 1845இல் விவரித்திருந்தார். இதன் காரணத்தை அறிய முற்பட்ட ஸ்டோக்ஸ், இருட்டறைக்குள் சிறு பிளவு வழியாகச் சூரிய ஒளியை விட்டு, முப்பட்டகத்தால் அதனை நிறமாலையாகப் பிரித்தார். குயினைன் கரைசல் நிரம்பிய குழாயைச் சிவப்பு முனையிலிருந்து மெல்ல நகர்த்தியபோது, பெரும்பகுதி வரையில் மாற்றம் ஏதும் தோன்றவில்லை. ஊதா நிறத்தின் எல்லையை நெருங்கியதும் நீல ஒளி தோன்றியது. கண்ணுக்குப் புலப்படும் நிறமாலையைக் கடந்து, இருளாகத் தெரிந்த பகுதியிலும் அது தொடர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களைக் கரைசல் உட்கொண்டு, தெரியும் ஒளியாக வெளிவிடுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

வெளிவிடப்படும் ஒளியின் அலைநீளம் உட்கொள்ளப்படும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகுதியாக இருக்கும் என்று 1852இல் ஸ்டோக்ஸ் அறிவித்தார். இவ்வேறுபாடு ஸ்டோக்ஸ் பெயர்ச்சி எனப்படுகிறது. இவ்விதிக்கு மாறான நிகழ்வுகள் சில பின்னர் அறியப்பட்டன. இதே பண்பைக் காட்டும் புளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரைக் கொண்டே புளோரசன்ஸ் என்னும் சொல்லை அவர் உருவாக்கினார். இவ்வாய்வுக்காக அரச கழகத்தின் ரம்ஃபோர்ட் பதக்கத்தைப் பெற்றார். கரிமப் பொருள்களைக் கண்டறிய ஒளியியல் பண்புகளைப் பயன்படுத்தலாம் என்று 1864இல் வேதியியல் கழகத்தில் உரையாற்றினார். குருதியின் நிறப்பொருள் ஆக்சிசனை ஏற்று இழக்கும்போது அதன் நிறமாலை மாறுவதையும் அதே ஆண்டில் விளக்கினார்.

மின்புல நகர்ச்சிக் கருவிகளில் பயன்பாடு

மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகளை மின்புலத்தில் நகரவிட்டுப் பிரிக்கும் முறை மின்புல நகர்ச்சி ஆகும். மின்விசை மூலக்கூறை முன்னே இழுக்க, கரைசலின் உராய்வு அதனைத் தடுக்கிறது. கோள வடிவத் துகளொன்றின் வேகத்தைத் தோராயமாகக் கணக்கிட ஸ்டோக்ஸின் 1851ஆம் ஆண்டு விதி பயன்படுகிறது. டி.என்.ஏ. இழையின் நீளம் கூடும்போது மின்னூட்டமும் உராய்வும் ஏறக்குறைய ஒரே அளவில் கூடுவதால், வெறும் கரைசலில் வெவ்வேறு நீள இழைகள் பிரிவதில்லை. ஆகவே சல்லடை போன்று செயல்படும் கூழ்மம் பயன்படுத்தப்படுகிறது.

பிரிந்த மூலக்கூறுகளைக் காண்பதற்கு 1852ஆம் ஆண்டு ஆய்வு உதவுகிறது. எத்திடியம் புரோமைடு சேர்க்கப்பட்ட டி.என்.ஏ., புறஊதா ஒளியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்கிறது. லேசர் கொண்ட கருவிகளில், 488 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைப் புளோரசீன் சாயத்தின் மீது செலுத்தினால் சுமார் 520 நானோமீட்டரில் பச்சை ஒளி வெளிப்படும். ஒளிவடிகட்டி லேசர் ஒளியைத் தடுத்து, சாயத்தின் ஒளியை மட்டும் உணரிக்கு அனுப்புகிறது. இரு அலைநீளங்களும் வேறுபடாதிருந்தால் சாயத்தின் மங்கிய ஒளியைப் பிரித்தறிய இயலாது. ஸ்டோக்ஸும் தம் ஆய்வுகளில் நிற ஊடகங்களை இவ்வாறே வடிகட்டிகளாகப் பயன்படுத்தினார்.

1981இல் ஜேம்ஸ் ஜோர்கென்சன், கிரின் லூக்காக்ஸ் ஆகியோர் நுண்குழாய் மின்புல நகர்ச்சியில் உடனொளிர்வு உணரியைப் பயன்படுத்தினர். 1986இல் லீராய் ஹூட் ஆய்வகத்தைச் சேர்ந்த லாயிட் ஸ்மித் முதலியோர், நான்கு சாயங்களைக் கொண்டு டி.என்.ஏ. வரிசையைத் தானியங்கியாக அறியும் முறையை வெளியிட்டனர். மனித மரபணுத்தொகைத் திட்டத்தில் இவ்வகைக் கருவிகள் பெரிதும் பயன்பட்டன.

பிற்காலம்

ஸ்டோக்ஸ் 1854 முதல் 1885 வரை அரச கழகத்தின் செயலாளராகப் பணியாற்றினார். பிறருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவதில் அவரது காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சூரிய நிறமாலையின் கருங்கோடுகளுக்கான காரணத்தை வில்லியம் தாம்சனிடம் முன்னரே எடுத்துக்கூறியிருந்தும் அதனை வெளியிடவில்லை. குஸ்தாவ் கிர்க்காஃப் 1859இல் அதனை நிறுவினார். முன்னுரிமை ஸ்டோக்ஸுக்கே உரியது என்று தாம்சன் வாதிட்டபோதும், ஸ்டோக்ஸ் அதற்கு உரிமை கோரவில்லை.

1885 முதல் 1890 வரை அரச கழகத்தின் தலைவராகவும், 1887 முதல் 1892 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். 1889இல் பாரனெட் பட்டமும் 1893இல் கோப்ளி பதக்கமும் பெற்றார். 1902இல் பெம்புரோக் கல்லூரியின் தலைவரானார். மறு ஆண்டில் கேம்பிரிட்ஜில் தமது 83ஆம் வயதில் காலமானார். இயக்கப் பாகுநிலையின் பழைய அலகு ஒன்று இவரது பெயரால் ஸ்டோக்ஸ் என்று வழங்கப்படுகிறது.