அணையா அடுப்பை ஏற்றிய வள்ளலார்



நம் கெடா மாநிலத் தோட்டங்களில் அன்னதானம் இன்றிக் கோயில் திருவிழா நிறைவு பெறுவதில்லை. பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய பட்டணங்களிலும் தைப்பூச நாளன்று வழியோரத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, முன்பின் அறியாதவர்க்கும் மோரும் சோறும் வழங்கக் காண்கிறோம். உண்பவர் காசு கொடுப்பதில்லை. கொடுப்பவர் பெயர் கேட்பதில்லை. இந்த நற்பழக்கத்தை ஆண்டில் ஒரு நாளோடு நிறுத்தாமல், நாள்தோறும் செய்யும் அறமாக நிலைநாட்டிய பெரியார் ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவரே வள்ளலார் எனப் போற்றப்பெறும் இராமலிங்க அடிகளார்.

சிதம்பரத்திற்கு அண்மையிலுள்ள மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் பிள்ளையாக 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். குடும்பம் பின்னர்ச் சென்னையில் குடியேறியது. தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்து வந்தார்.

தம்பி பள்ளிப் பாடத்தை விட்டுக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலேயே பொழுதைக் கழித்தமையால் தமையனார் சினங்கொண்டார். படிக்க இசையும்வரை வீட்டில் சோறு போடலாகாது எனக் கட்டளையிட்டார். அண்ணியாருக்கோ மனம் பொறுக்கவில்லை. கணவர் அறியாமல் கொழுந்தனை அழைத்து அன்னமிட்டார். ஒரு நாள் அவர் கண்ணீர் விட்டு வேண்டிக்கொள்ளவே, பிள்ளை மனம் இளகி வீட்டிலிருந்து படிக்க இசைந்தது. மற்றோர் இரவு, திருவொற்றியூரிலிருந்து காலந்தாழ்ந்து வந்து திண்ணையில் பசியோடு படுத்திருந்த அவருக்கு, வடிவுடையம்மனே அண்ணியின் உருவில் வந்து உணவளித்தாள் என்றும் அன்பர்கள் சொல்வர். பிறர் பசியை ஆற்றப் பிறந்தவர், பசியின் துயரை முதலில் தம் வயிற்றிலேயே அறிந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1858ஆம் ஆண்டளவில் சென்னையை விட்டு நீங்கிய அடிகளார், வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. நீரின்றி உலர்ந்த பயிரைக் கண்டும் உள்ளம் நொந்தவர், பசியால் மெலிந்த மாந்தரைக் கண்டு வாளாவிருப்பாரோ?

1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை அவர் தொடங்கினார். அதற்கென 80 காணி நிலத்தை அவ்வூர் மக்களே மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அக்காலத்துச் சத்திரங்கள் பலவற்றில் சாதி பார்த்தே இலை போட்டனர். தருமச்சாலையிலோ சாதி, சமயம், ஊர் எதுவும் கேட்கப்படவில்லை. பசி ஒன்றே போதிய தகுதியாயிற்று.

பசி மிகுந்தால் அறிவு மயங்கும், மனம் தளரும், நல்லெண்ணமும் நிலைகெடும் என்பது அடிகளார் கண்ட உண்மை. ஆதலின் பசி தீர்த்தலையே வழிபாட்டின் முதற்படியாக வைத்தார். கல்வியையும் அவர் மறக்கவில்லை. தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மூன்றையும் கற்பிக்கும் பாடசாலை ஒன்றையும் வடலூரில் ஏற்படுத்தினார். 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் சோதி வழிபாட்டைத் தொடங்கினார். 1874 சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறையினுள் சென்று திருக்காப்பிட்டுக் கொண்டார். அவர் சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அவர் பிறந்த நாளைத் தமிழ்நாட்டரசு தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடுகிறது.

அவர் பிறந்த தென்னார்க்காட்டிலிருந்தும் நம் முன்னோர் சிலர் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, இத்தோட்டங்களுக்கு வந்தனர். சப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1941 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நாளில் ஒரு லயத்தில் வெந்த கிழங்கு அடுத்த வீட்டுக் குழந்தையின் கைக்கும் சென்றதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொடுத்தவர் கணக்கு எழுதி வைக்கவில்லை.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். லயத்தில் அடுப்புப் புகையாத வீடு எதுவென்று அனைவருக்கும் தெரிந்திருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னே இருக்கும் பசி வெளியே தெரிவதில்லை. எனவே கேட்டபின் கொடுப்பது இக்காலத்திற்குப் போதாது. கேளாமலே அறிந்து கொடுத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! ஓய்வு நேரத்தில் உணவுப்பொட்டலம் இன்றித் தனியே ஒதுங்கி நிற்கும் தோழனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரணம் கேட்டு அவனை நாணச் செய்யாதீர்கள். பலர் முன்னிலையில் நீட்டாதீர்கள். அருகே அமர்த்தி, பாதியைப் பகிர்ந்து, வேறு கதை பேசிக்கொண்டே உண்ணுங்கள். நாளை அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். அண்ணியார் ஓசைபடாமல் இட்ட சோறுதான் பின்னாளில் வடலூரில் ஆயிரமாயிரம் பேருக்கு அன்னமாயிற்று என எண்ணுவதில் தவறில்லை. நம் கையால் ஆறும் ஒரு பசி நாளை எத்தனை பசியை ஆற்றுமோ, யார் அறிவார்?

வடலூர் அடுப்பு நமக்குத் தொலைவில் இருக்கலாம். அதன் கனல் நம் இல்லங்களிலும் அணையாதிருக்கட்டும்.

வாழ்க வள்ளலார் புகழ்! வளர்க நம் பள்ளி!