மருத்துவ அறிஞர் ஹாஷிமோட்டோ

கண்ட உண்மையைக் கண்டவாறே எழுதி வைத்தல் அறிஞர்க்குரிய அறமாகும். அவ்வறம் பிற்காலத்தார்க்கு எத்துணைப் பயன் தரும் என்பதை ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோவின் வாழ்க்கையால் அறியலாம்.

இவர் 1881ஆம் ஆண்டு மே திங்கள் 5ஆம் நாள், ஜப்பானிலுள்ள இகா என்னும் பகுதியில், வழிவழியாக மருத்துவம் புரிந்துவந்த குடும்பத்தில் தோன்றினார். புக்குவோக்கா நகர மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1907ஆம் ஆண்டு அதன் முதல் அணி மாணவருள் ஒருவராகத் தேறினார். பின்னர், அங்கேயே மியாகே என்னும் பேராசிரியரிடம் அறுவை மருத்துவம் கற்றார்.

கழுத்தின் முன்புறத்தே தைராய்டு என்னும் சுரப்பி உண்டு. அது வீங்கப்பெற்ற பெண்கள் நால்வரிடமிருந்து அறுத்தெடுத்த பகுதிகளை ஹாஷிமோட்டோ நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். வெள்ளணுக்கள் திரள்திரளாக அவற்றுள் நிறைந்திருந்தன. முன்னோர் உரைத்த நோய் எதனோடும் அஃது ஒவ்வாமையின், புதியதொரு நோயெனத் துணிந்து, 1912ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியிற் கட்டுரை வரைந்தார். அன்று அதனைப் பொருட்படுத்தினார் மிகச் சிலரே.

ஹாஷிமோட்டோ மேலும் கற்க ஜெர்மனி சென்றார். 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டமையால் அங்கு நிலைத்திருக்க இயலவில்லை. தாயகம் மீண்ட அவர், பிறந்த ஊரிலேயே மக்களுக்கு மருத்துவம் செய்யலானார். 1934ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் டைபாய்டு காய்ச்சலால் தமது 52ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் கண்டது மெய்யென்பது மெல்ல விளங்கிற்று. நோயைத் தடுக்க வேண்டிய உடலின் ஆற்றல், வேலியே பயிரை மேய்ந்தாற்போலத் தன் தைராய்டையே தாக்குகிறது என்பதை 1956ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வாளர் காட்டினர். அந்நோயுற்ற ஒருவர்க்கு மூளையும் பாதிக்கப்பட்டதை 1966ஆம் ஆண்டு பிரெயின் பிரபு என்னும் ஆங்கில மருத்துவரும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். மிக அரிதான அந்நோய், ஹாஷிமோட்டோ மூளைநோய் எனப் பெயர் பெற்றது. அதனால் நினைவு தடுமாறும், கைகால் நடுங்கும், வலிப்பு வரும், இல்லாதன இருப்பனபோலத் தோன்றும். பித்தென்று பிறர் கருதிவிடுதலும் கூடும். அதன் காரணம் இன்றும் முற்றும் புலப்படவில்லை. ஆயினும், காலத்தே அறிந்து ஸ்டீராய்டு மருந்து அளிப்பின் பலர் நலம் பெறுவர்.

இம்மூளைநோயை ஹாஷிமோட்டோ அறியார். எனினும், சித்தம் கலங்கி வருவார்க்குத் தைராய்டையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் இன்று மருத்துவர்க்கு உண்டாவதற்கு, அன்று அவர் நால்வரிடம் கண்டதைப் பிழையற எழுதி வைத்தமையே அடிப்படையாகும்.